டைம்டேபிளில் அறிவியல் இல்லை, சட்டைப் பொத்தான் இருக்கிறது: சிறப்புப் பள்ளியில் பாடம் என்பது என்ன?

நிலாமுற்றம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதற்கு மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

மகனுக்கு ஒன்பது வயது. ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. மூன்று வருடம் பொதுப் பள்ளியில் இருந்தான், போன மாதம் சிறப்புப் பள்ளிக்கு மாற்றினோம். முதல் வாரமே டைம்டேபிள் கொடுத்தனுப்பினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

காலை வட்டம், தொடர்பாடல், தன்னைப் பேணல், உடலியக்கம், செயல்முறைக் கணக்கு. மறுநாளும் அதேதான், கூடவே சமூகத் திறன். புதன்கிழமை மதியம் முழுக்கப் பணித் திறன். அறிவியல் இல்லை. வரலாறு இல்லை. மொழிப்பாடம் என்ற சொல்லே இல்லை. இதனுடன் இந்தப் பருவத்தின் இலக்குகள் என்று ஒரு தாள். அதன் முதல் வரி: "சட்டையின் ஐந்து பொத்தான்களில் கடைசி இரண்டைத் தானே போடுவான்."

பழைய பள்ளியில் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும். மிஸ் எழுதியதைப் பார்த்து எழுதுவான், அவ்வளவுதான். ஆனாலும் அந்த நோட்டில் எட்டுக் கிரகங்களின் பெயர் இருந்தது. இந்தத் தாளில் பொத்தான்தான் இருக்கிறது.

எல்லாச் சிறப்புப் பள்ளிகளிலும் இப்படித்தானா? இல்லை, இவன் இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

விவாதப்பிரியன்

மன்னிக்கவும், உடைத்தே சொல்கிறேன். பொத்தான் போடச் சொல்லிக்கொடுப்பது வீட்டில் செய்ய வேண்டிய வேலை. அதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? பெயரை மட்டும் "தன்னைப் பேணல்" என்று அழகாக வைத்துவிட்டால் பாடமாகிவிடுமா?

சாக்பீஸ்தூள்

நிலாமுற்றம், நான் சிறப்பாசிரியர். அறிவுத்திறன் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளோடு இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. சிறப்புப் பள்ளி என்பது ஒரே வகை இல்லை. பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளியிலும் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியிலும் பெரும்பாலும் பொதுப் பாடத்திட்டமேதான், அதற்கு மேல் சில தனிப் பாடங்கள் சேரும். இங்கே அப்படிப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களே எழுதட்டும். உங்கள் மகனுடைய பள்ளி போன்ற இடங்களில் பாடத்தை வெட்டுகிற விதமே வேறு. மொழி, கணக்கு, அறிவியல் என்று பிரிக்காமல் பிள்ளைக்கு நாளெல்லாம் தேவைப்படும் வேலைகளாகப் பிரிக்கிறோம். பாடம் அதற்குள் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அது எங்கள் குறைதான். தாளில் எழுதி அனுப்புகிறோம், விளக்கிச் சொல்வதில்லை.

உங்கள் பொத்தானையே எடுத்துக்கொள்வோம். ஏன் கடைசி இரண்டு? மேல் பொத்தான் தாடைக்குக் கீழே இருக்கிறது, அவன் கண்ணுக்கே தெரியாது. கீழ்ப் பொத்தான் குனிந்தால் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, கடைசித் துண்டிலிருந்து கற்றுக்கொடுப்பது எங்கள் வழக்கம். மேலே மூன்றையும் ஆசிரியர் போட்டுவிடுவார், கடைசி இரண்டை அவன் போடுவான். சட்டை முழுதாகப் போட்டாயிற்று, "முடித்தேன்" என்ற திருப்தி அவனுக்கு. அடுத்த மாதம் மூன்று, அப்புறம் நான்கு. முதல் பொத்தானிலிருந்து ஆரம்பித்திருந்தால் தினமும் பாதியில் விட்டுவிட்டு, மிச்சத்தை இன்னொருவர் முடிப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஐந்து பொத்தானில் ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் இருக்கிறது, வரிசை இருக்கிறது, இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை இருக்கிறது. நாளைக்குப் பென்சில் பிடிக்கப்போகும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இது நல்ல பயிற்சி.

அடுத்து தொடர்பாடல். அதுதான் உங்கள் மொழிப்பாடம். பேச்சு குறைவு என்கிறீர்கள், அதனால் படப் பரிமாற்றத்தில் தொடங்குவார்கள் என்று நினைக்கிறேன். 1985-இல் அமெரிக்காவில் ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் என்ற இருவர் உருவாக்கிய முறை, ஆறு கட்டம் கொண்டது. முதல் கட்டத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எதிரே, பிள்ளைக்குப் பிடித்த பொருளைக் கையில் வைத்துக்கொண்டு இருப்பார். இன்னொருவர் பின்னால் உட்கார்ந்து, பிள்ளையின் கையைப் பிடித்து, படத்தை எடுத்து எதிரே இருப்பவர் உள்ளங்கையில் வைக்க உதவுவார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். எதிரே இருப்பவரும் "என்ன வேணும்?" என்று கேட்கக் கூடாது. அவர் கேட்டால்தான் படத்தைக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளை பழகிவிடும். தானாக ஒருவரிடம் போய் ஒன்றைச் சொல்ல வேண்டும், மொழி அங்கேதான் பிறக்கிறது. பின்னால் இருப்பவருடைய உதவி நாளுக்கு நாள் தேய்ந்து, மணிக்கட்டு, முழங்கை என்று பின்வாங்கி, ஒருநாள் கையையே எடுத்துவிடுவார். அந்த நாளில் நான் பார்த்த முகங்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இழை திசை மாறிவிடும், விடுங்கள்.

செயல்முறைக் கணக்கில் நாணயம், மணி, அளவு எல்லாம் வரும். ஒரு உத்தி மட்டும் சொல்கிறேன். விலை நாலு சொச்சம் என்று இருந்தால் அந்தச் சொச்சத்தைப் பற்றிக் கவலைப்படாதே, ஐந்து கொடு. ஏழு சொச்சமா, எட்டு கொடு. தசமம் தெரியாத பிள்ளையும் கடையில் தலை நிமிர்ந்து நிற்கலாம்.

வெள்ளைக்கோல்

டீச்சர் அழைத்தாற்போல் இருக்கிறது, வந்துவிட்டேன். பிறவியிலேயே பார்வை இல்லை. பார்வையற்றோர் பள்ளியில் படித்து, இப்போது மென்பொருள் சோதனை வேலையில் இருக்கிறேன். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் உதவியோடுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு எல்லாப் பாடமும் உண்டு. அதோடு, பார்க்கிற பிள்ளைகளுக்கு இல்லாத பாடங்களும் உண்டு. முதலாவது பிரெய்ல். லூயி பிரெய்ல் 1829-இல் வெளியிட்ட ஆறு புள்ளி முறைதான் இன்றைக்கும். தமிழ் எழுதுவதில் ஒரு வேடிக்கை சொல்கிறேன். அச்சில் "கொ" எழுத வேண்டுமென்றால் ஒற்றைக்கொம்பு முன்னால், கால் பின்னால் என்று நீங்கள் முன்னும் பின்னும் ஓட வேண்டும். பிரெய்லில் க, அடுத்து ஒ, அவ்வளவுதான். காது கேட்கிற வரிசையிலேயே விரல் படிக்கும். பார்வையுள்ள தம்பிக்கு நான் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டதுண்டு. ஆனால் பலகையும் ஊசியும் கொண்டு எழுதும்போது தாளின் பின்பக்கம் குத்துகிறோம், அதனால் வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பமாக எழுத வேண்டும். திருப்பினால்தான் படிக்கலாம். முதல் வருடம் முழுக்க இதில் போயிற்று.

கணக்குக்கு டெய்லர் சட்டம் என்று ஒரு பலகை இருந்தது. எட்டு மூலை கொண்ட குழிகள், அதில் நிறுத்திவைக்க ஈய அச்சுகள். அச்சை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம் என்பதுதான் எண். ஒரு முனைக்கு எட்டுத் திசை, இரண்டு முனை, ஆகப் பதினாறு குறி. அப்புறம் அபாகஸ். எங்களுடையதில் மணிகளுக்குப் பின்னால் மெத்தென்று ஒரு அடை இருக்கும், விரல் பட்டாலும் மணி நகராது. கடைகளில் கிடைக்கிற சாதாரண அபாகஸை எங்களிடம் கொடுத்தால், விடையைத் தடவிப் பார்ப்பதற்குள் விடை மாறிவிடும்.

நடமாட்டப் பயிற்சியும் பாடம்தான். நீளக் கோலை வைத்து நடக்கும் முறையை 1940-களில் ரிச்சர்ட் ஹூவர் என்பவர் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக வகுத்தார். வலது கால் முன்னே போகும்போது கோல் நுனி இடப்பக்கம் தட்ட வேண்டும். அதாவது அடுத்த கால் எங்கே விழப்போகிறதோ அங்கே கோல் முன்கூட்டியே போய் விசாரித்துவிட்டு வரும். இதை ஒரு நீளமான தாழ்வாரத்தில் ஆறு மாதம் பழகினோம்.

இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் நிலாமுற்றம் அக்காவின் பயம் வெறும் பயம் இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் பள்ளியில் வடிவியலில் எங்களுக்கு "விலக்கு" கொடுத்தார்கள். படம் வரைய முடியாது, அதனால் வேண்டாம். அறிவியல் செய்முறைக்கும் விலக்கு, அமிலம் கையில் கொட்டிவிடுமாம். கருணையோடுதான் செய்தார்கள். அந்தக் கருணையின் விலை பிறகுதான் தெரிந்தது. கல்லூரியில் முதன்முதலாக ஒரு பேராசிரியர் ரப்பர் பாயில் பிளாஸ்டிக் தாளை விரித்து, பேனாவால் அழுத்தி ஒரு முக்கோணம் போட்டார். கோடு மேலே புடைத்துக்கொண்டு வந்தது. பத்தொன்பது வயதில் என் விரல் முதன்முதலாக ஒரு செங்கோணத்தைத் தொட்டது. அந்தத் தாளும் பாயும் பெரிய செலவு பிடிக்கிற சாமான் இல்லை.

அமில-கார நிறமாற்றத்தையும் காதால் கேட்கலாம். வெளிச்சத்தை ஒலியாக்கும் சிறு கருவி இருக்கிறது, திரவத்தின் நிறம் மாறினால் சுருதி மாறும். பார்வையற்றவரான ஆபிரகாம் நெமத் 1952-இலேயே கணிதக் குறிகளுக்கென்று தனி பிரெய்ல் முறையை வெளியிட்டார், அவரே கணிதப் பேராசிரியர். கருவி, எழுத்து எல்லாம் இருந்தது. எங்களுக்குக் கிடைத்தது விலக்குதான்.

விவாதப்பிரியன்

இதைத்தான் நானும் கேட்கிறேன். இந்தப் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

விரல்மொழி

என் அப்பா, அம்மா இருவருமே காது கேளாதவர்கள். எனக்குக் கேட்கும். வீட்டில் முதல் மொழி சைகை. இப்போது மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன்.

அப்பா படித்த பள்ளியில் சைகைக்குத் தடை. மேசைமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். பாடம் என்றால் பேச்சுப் பயிற்சிதான். வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்து "ப" சொல்லச் சொல்வார்களாம். காகிதம் ஆடினால் "ப", ஆடாவிட்டால் "ம". ஏனென்றால் உதட்டைப் பார்த்து இரண்டையும் பிரிக்கவே முடியாது. கண்ணாடி முன் நின்று "பட்டம்", "மட்டம்" என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். அப்பாவுக்கு "ப" நன்றாக வரும். அந்த வருடங்களில் அவர் வயதுப் பிள்ளைகள் படித்த வரலாறும் புவியியலும் அவருக்கு வரவில்லை.

இதற்கு ஒரு தேதியே இருக்கிறது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, சைகையைவிட வாய்மொழி முறையே மேல் என்று தீர்மானம் போட்டது. நூறு வருடத்துக்கு மேல் பல நாட்டுப் பள்ளிகளில் அதன் நிழல். 2010-இல் வான்கூவரில் கூடிய அதே மாநாட்டு வரிசைதான் அந்தத் தீர்மானத்தை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. நூற்று முப்பது வருடம். அப்பாவிடம் கையால் இதைச் சொன்னபோது அவர் பதில் சொல்லாமல், ஒரு காகிதத் துண்டை எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்து "ப" என்று ஊதிக் காட்டிச் சிரித்தார்.

நல்ல பள்ளிகளில் இப்போது சைகை மொழி தனிப் பாடம். மற்ற பாடங்களை நடத்துகிற மொழியும் அதுதான். அதற்கென்று இலக்கணம் இருக்கிறது, புருவமும் அதில் சேர்த்தி. கேள்வியா, கூற்றா என்பதைப் பல இடங்களில் முகம்தான் சொல்லும். உலகம் முழுக்க ஒரே சைகை மொழி என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பேச்சு மொழி ஒன்றுதான், இரண்டு நாட்டுச் சைகை மொழியும் ஒன்றுக்கொன்று புரியாது.

குட்டிமலை

என் மகளுக்குப் பத்தொன்பது வயது, டவுன் சிண்ட்ரோம். இழையை முழுக்கப் படித்துவிட்டு வருகிறேன்.

டீச்சர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எல்லாப் பள்ளியிலும் அவர் மாதிரி ஆள் இல்லை. மகள் பதினைந்து வயதில் ஒரு பள்ளியில் இருந்தாள். டைம்டேபிளில் "நுண்தசைத் திறன்" என்று இருக்கும். போய்ப் பார்த்தால் மணி கோத்துக்கொண்டிருப்பாள். ஏழு வயதிலும் மணிதான் கோத்தாள். பதினைந்திலும் அதே நூல், அதே மணி. கோத்து முடித்ததும் ஆயா வந்து எல்லாவற்றையும் டப்பாவில் கொட்டிவிடுவார், மறுநாள் திரும்பக் கோக்க. ஒருநாள் மகள் டப்பாவை எடுத்து ஒளித்துவைத்துவிட்டாள். "நடத்தைப் பிரச்சினை" என்று எனக்குக் கடிதம் வந்தது. நடத்தை எல்லாம் சரியாகத்தான் இருந்தது, பாடத்தில்தான் பிரச்சினை. பள்ளியை மாற்றினோம்.

நிலாமுற்றம், உங்களுக்கு ஒரு யோசனை. தாளில் உள்ள ஒவ்வொரு இலக்கையும் காட்டி இரண்டே கேள்வி கேளுங்கள். இது எதற்கு? இது வந்த பிறகு அடுத்து என்ன? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் யோசிக்க வேண்டும்.

புதுப் பள்ளியில் வாசிப்பை முழுச் சொற்களாகத் தொடங்கினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது நன்றாக மனதில் நிற்கும். அதனால் எழுத்து எழுத்தாகக் கூட்டாமல், அவளுக்கு வேண்டியவர்கள் பெயர், வேண்டிய பொருள் எல்லாம் அட்டைகளாக. அட்டையைப் பார்த்து வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் பேச்சே தெளிந்தது. பேச்சு வந்தால்தான் படிப்பு என்று நாங்கள் அதுவரை தலைகீழாகக் காத்திருந்தோம்.

இன்னொன்று. எல்லாரும் பொத்தான், நாணயம் என்று பேசுகிறோம், யாரும் வாய் திறக்காத பாடம் ஒன்று இருக்கிறது. உடல். பெண் பிள்ளையைப் பெற்றவன், அதனால் சொல்கிறேன். ஆண் பிள்ளைகளுக்கும் இதேதான். உடல் உறுப்புகளுக்கு உள்ள உண்மையான பெயர், எது தனியிடத்தில் செய்கிற வேலை, யார் எதுவரை தொடலாம், மாதவிலக்கு வந்தால் என்ன செய்வது. தரையில் வண்ண வட்டங்கள் போட்டு நடுவில் அவளை நிறுத்துவார்கள். உள்வட்டத்தில் கட்டிப்பிடிக்கலாம் என்றவர்கள், அடுத்ததில் கைகுலுக்கலாம் என்றவர்கள், வெளியே தலையாட்டினால் போதும் என்றவர்கள். மகள் முதல் வாரமே என்னைக் கொண்டுபோய்க் கைகுலுக்கும் வட்டத்தில் நிறுத்தினாள். அன்றைக்கு என்மேல் ஏதோ கோபம்.

சாக்பீஸ்தூள்

குட்டிமலை சார், மணி விஷயத்தில் தலைகுனிகிறேன். நானும் கோக்க வைத்திருக்கிறேன், ஆரம்ப காலத்தில்.

விவாதப்பிரியன் கேட்டது நியாயமான கேள்வி, அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் "மன வயது" பார்த்துப் பாடம் வைத்தார்கள். பிள்ளைக்குப் பதினைந்து, மன வயது மூன்று, ஆகவே மணியும் பொம்மையும். 1970-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூ பிரவுனும் கூட்டாளிகளும் இதைத் தூக்கிப் போட்டார்கள். பெரியவனானபின் எங்கே வாழப்போகிறான், எங்கே வேலை செய்யப்போகிறான், அங்கே என்ன தேவை, அதிலிருந்து பின்னோக்கி வா என்றார்கள். அவன் இதைக் கற்காவிட்டால் இன்னொருவர் அவனுக்காக இதைச் செய்ய வேண்டியிருக்குமா? ஆமாம் என்றால் அதைக் கற்றுக்கொடு. பொத்தான் உங்கள் தாளில் ஏறியது இந்த வழியாகத்தான்.

அந்தக் கேள்வி எங்களைக் காப்பாற்றியது, அதே கேள்வி எங்களைக் குறுக்கியும் விட்டது. கிரகங்களைக் கற்காவிட்டால் அவனுக்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லையே. அப்படிப் பார்த்தால் எனக்கும்தான் கிரகம் தேவையில்லை. வானத்தைப் பார்த்து ஆச்சரியப்படுவது எந்த இலக்குத் தாளிலும் வராது. 1997-இல் அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, எவ்வளவு கடுமையான குறைபாடு இருந்தாலும் பொதுப் பாடத்திட்டம் பிள்ளைக்கு எட்ட வேண்டும் என்று சேர்த்தார்கள். 2006-இல் ஐநா நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவில் இரண்டுமே இருக்கின்றன. வாழ்க்கைத் திறனும் சமூகத் திறனும் கற்கும் உரிமை ஒரு பக்கம். பிரெய்ல், நடமாட்டம், சைகை மொழி எல்லாம் அதே பத்தியில். பாகுபாடு இல்லாமல் எல்லா மட்டத்திலும் படிக்கும் உரிமை இன்னொரு பக்கம்.

என் வகுப்பில் கிரகம் நடத்தியிருக்கிறேன். அறையை இருட்டாக்கி, டார்ச்சை நடுவில் வைத்து, ஒரு பிள்ளை பந்தைப் பிடித்துக்கொண்டு சுற்றி நடக்கும். வெளிச்சம் பட்ட பக்கம் பகல் படம், படாத பக்கம் இரவுப் படம் ஒட்ட வேண்டும். ஒருவன் எட்டுக் கிரகமும் சொன்னான். இன்னொருத்தி டார்ச்சை அணைத்து அணைத்துப் போட்டாள். அவளுடைய அன்றைய இலக்கு "விசையை அழுத்தினால் ஒன்று நடக்கும்" என்பது. இரண்டு பேரும் ஒரே அறிவியல் வகுப்பில்தான் இருந்தார்கள்.

நூல்கண்டு

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்குவது என் வேலை. சின்னதாக ஒன்று. தெரபியையும் பாடத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நாங்கள் இருப்பது பிள்ளை பாடத்துக்கு வந்து உட்காருவதற்காக. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையின் பாதம் தரையில் படாமல் தொங்கிக்கொண்டிருந்தால் முழுச் சக்தியும் விழாமல் இருப்பதிலேயே செலவாகும். எழுத்து எங்கே வரும்? காலடியில் ஒரு பலகை போட்ட அன்றே கையெழுத்து மாறியதைப் பார்த்திருக்கிறேன். வாரத்தில் பாதி நேரம் தெரபி அறைக்கே பிள்ளையை இழுத்துப் போகிற பள்ளி என்றால், எந்தப் பாடம் தவறுகிறது என்று கேளுங்கள்.

வெள்ளைக்கோல்

விளையாட்டை யாருமே சொல்லவில்லையே! கோல்பால். 1946-இல் போரில் பார்வையிழந்தவர்களுக்காக ஏற்பட்டது. பக்கத்துக்கு மூன்று பேர், பந்துக்குள் மணி, எல்லார் கண்ணிலும் கட்டு. பார்க்க வந்தவர்கள் மூச்சுக் காட்டக் கூடாது. மற்ற விளையாட்டில் கூட்டம் கத்தும், எங்கள் விளையாட்டில் நடுவர் கூட்டத்தைப் பார்த்து "அமைதி" என்பார். வடிவியலில் கிடைக்காத செங்கோணம் எனக்கு அந்தக் களத்தில்தான் கிடைத்திருக்க வேண்டும், தரையில் ஒட்டிய நாடாவுக்கு அடியில் கயிறு இருக்கும், தடவித்தான் நம் இடத்தைக் கண்டுபிடிப்போம். அப்போது அதை யாரும் எனக்குச் செங்கோணம் என்று சொல்லவில்லை.

விவாதப்பிரியன்

சரி, பொத்தான் வீட்டு வேலை என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி. சொன்னதைச் செய், காட்டியதை எடு, உட்கார் என்றால் உட்கார். பாடம் முழுக்க இப்படியே போனால், யார் எதைச் சொன்னாலும் செய்கிற பிள்ளையாக அல்லவா வெளியே வரும்? குட்டிமலை சார் சொன்ன வட்டத்தோடு இது மோதாதா?

சாக்பீஸ்தூள்

மோதும். எங்கள் துறையில் பலர் தவறவிடுகிற இடம் இது. படப் பலகையில் "வேண்டும்" அட்டைகள் இருபது இருக்கும், "வேண்டாம்" அட்டை ஒன்றுகூட இருக்காது. என்னைக் கேட்டால் முதல் வாரமே அது இருக்க வேண்டும். "போதும்", "வேண்டாம்", "நிறுத்து". பிள்ளை அதைக் கொடுத்தால் உண்மையிலேயே நிறுத்தவும் வேண்டும். பாடம் அன்றைக்குப் பாதியில் நின்றாலும் பரவாயில்லை. அட்டை கொடுத்தும் நிறுத்தாத ஆசிரியர், கத்தினால்தான் நிற்பார்கள் என்று பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கிறார். நிலாமுற்றம், போகும்போது இதைப் பாருங்கள்.

நிலாமுற்றம்

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், நேற்றுதான் வகுப்பில் பின்னால் உட்கார அனுமதி கிடைத்தது.

அவன் மேசையில் இடப்பக்கம் மூன்று தட்டு, வலப்பக்கம் "முடிந்தது" என்று ஒரு பெட்டி. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக எடுத்துச் செய்து பெட்டியில் போடுகிறான். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பிள்ளை யாரும் சொல்லாமல் ஒன்றை ஆரம்பித்து முடித்ததை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. முதல் தட்டில் நாணயங்களைப் பிரித்தான். உண்மையான நாணயங்கள். பிளாஸ்டிக்கில் பழகினால் கடையில் உண்மையானதை வேறு பொருள் என்று நினைப்பார்களாம், அதனால் முதலிலிருந்தே நிஜம் என்றார் மிஸ்.

குட்டிமலை சாரின் இரண்டு கேள்வியையும் கேட்டேன். பொத்தானுக்கு உடனே பதில் வந்தது. பணித் திறனுக்குக் கொஞ்சம் தடுமாறினார்கள், எழுதித் தருகிறேன் என்றார்கள். அறிவியல் ஏன் இல்லை என்றும் கேட்டேன். மிஸ் கோபப்படவில்லை. "உங்களிடம் அந்தப் பழைய நோட்டு இருக்கிறதா?" என்றார். இன்று காலை கொடுத்தனுப்பினேன். மதியம் கிரகப் படங்களை அட்டையாக வெட்டி மூன்றாவது தட்டில் வைத்திருக்கிறார்கள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் என்று நான்கை வரிசையாக வைத்தானாம். அதற்கப்புறம் "போதும்" அட்டையை எடுத்து மிஸ் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டானாம். மிஸ் விட்டுவிட்டார்.

சாக்பீஸ்தூள்

நான்கு கிரகத்தைவிட அந்த அட்டைக்குத்தான் எனக்கு அதிக சந்தோஷம்.

வெள்ளைக்கோல்

வியாழனிலிருந்து தொடரட்டும் அக்கா, அவசரமில்லை.

விவாதப்பிரியன்

பொத்தான் எதுவரை வந்திருக்கிறது?

நிலாமுற்றம்

மூன்று. மேலே இரண்டும் இன்னும் நான்தான்.